சிவப்பில்லாத டிரான்சிஸ்டர்

வலங்கைமான் கடைத்தெருவில், தன் ரேடியோ கடை மேசை முன் நாகநாதன் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறார். பின்மூடியைக் கழற்றி, உள்ளே வால்வு கனலும் சிவப்பைப் பார்த்தே ரேடியோவுக்கு நாடி சொல்பவர். பாடையேறிய ரேடியோகூட இவர் ஒரு தட்டுத் தட்டினால் எழுந்து செய்தி வாசித்துவிட்டுத்தான் படுக்கும் என்று குடவாசல் வரை பேச்சு. சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பிய டிரான்சிஸ்டரை, அறுந்த தோல்வாரைத் தைக்கத்தான் மங்களாம்பிகை கொண்டுவந்தார். இவர் திறந்து பார்த்தார். பொட்டுச் சிவப்பில்லை. “உசிரே இல்லையேம்மா!” “வர்ற வழியெல்லாம் பாடிச்சுங்களே?” “அணையற விளக்கு அப்படித்தாம்மா எரியும்” என்று சொல்லி, ஈயம் பற்றவைக்கும் கோலைப் பழுக்கக் காய்ச்சி உள்ளே அழுத்தினார். இப்போது அதில் எழுந்த புகை வெயிலில் நீலமாகச் சுருள்கிறது. ஒலித் திருகைத் திருப்பினால் கரகரப்புகூட இல்லை. தான் ரேடியோ பழகிய தபால் வழிப் பாடப் புத்தகத்தில் இத்தனை நாள் பிரிக்காமல் ஒட்டிக்கிடந்த பக்கங்களை மடியில் வைத்துப் பிரிக்கிறார்: டிரான்சிஸ்டர் வால்வு போல ஒளிராது; அதிகச் சூடு பட்டால் செத்துப்போகும். “நல்லவேளை, நீங்க பாத்ததால தெரிஞ்சுது. நான் அது நல்லா பாடுதுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்” என்று மங்களாம்பிகை கைகூப்புகிறார். நாகநாதன் குனிந்தபடியே தோல்வாரைத் தைக்கிறார். தையல் மட்டும் அவ்வளவு நேர்த்தியாக விழுகிறது.