இங்கா வைத்த நிறம்

"இந்த இங்காவுக்கு அப்படி என்ன வீம்பு?" என்றாள் கெல்சி, திரையைப் பார்த்தபடி. "சிவப்புன்னா ஆபத்து, பச்சைன்னா போகலாம்னு ஊரே பழகியிருக்கு. இந்தம்மா மட்டும் ஆரஞ்சும் நீலமும் வெச்சிருக்காங்க."

வரைபடம் போடுகிற வெண்டெல் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அமெரிக்காவின் வடகோடியில் பெமிட்ஜி என்ற ஊரில், ஏரிமேல் உறைந்த ஐஸின் கனத்தை அளந்து வரைபடம் போடும் சின்ன அலுவலகம் அது. கெல்சி புது மேலாளர். ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்கப் போகிறவர்கள் அந்த வரைபடத்தை நம்பித்தான் ஏரியில் கால் வைப்பார்கள்.

வரைபடம் போடும் ஃபங்ஷனை, அந்தச் சின்ன நிரலை, 'ஆர்' என்கிற கணினி மொழியில் எழுதியவள் முன்பு அங்கே வேலை பார்த்த இங்கா. நிறம் இன்னதென்று சொன்னால் அந்த நிறத்தில் போடும். சொல்லாமல் விட்டால், அவள் உள்ளே எழுதி வைத்த டீஃபால்ட் நிறத்தை எடுத்துக்கொள்ளும். வெண்டெல் ஒரு நாளும் நிறம் சொன்னதில்லை.

அவர் எதைத்தான் சொன்னார்? இங்கா வேலையை விட்டு அலாஸ்காவில் அக்காவிடம் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. வழியனுப்பு விழாவில் அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தார். கேக்கைத் தின்றார், கையைத் துடைத்தார், "ரோடு வழுக்கும், பாத்துப் போங்க" என்றார். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் காரில் ஏறிவிட்டாள்.

இன்றைக்கும் அவளுடைய ஃபங்ஷனைப் பேர் அடித்துக் கூப்பிடும்போது அவளையே கூப்பிடுகிற மாதிரி இருக்கும் மனுஷனுக்கு.

அவர் வாயைக் கட்டிப்போட்டது ஒரு பழைய சங்கதி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், போனில் கேட்ட மீன்காரரிடம் வரைபடத்தைப் பார்த்து, "அந்தப் பக்கம் தாராளமா போகலாம்" என்றார். பக்கத்து மேஜையிலிருந்து எட்டி போனை வாங்கிய இங்கா, "அங்க போகாதீங்க, ஐஸ் தாங்காது" என்று திருத்தினாள். அப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கவனமில்லாத ஆள் என்று அன்றே முடிவு கட்டியிருப்பாள் என்பது வெண்டெலின் நினைப்பு.

"இன்னொரு வேடிக்கை கேளுங்க," என்றாள் கெல்சி. "அவங்க தனக்குன்னு போட்டுக்கிட்ட வரைபடத்துல எல்லாம் ஒவ்வொரு தடவையும் சிவப்பு, பச்சைன்னு கையால டைப் பண்ணியிருக்காங்க. தனக்கே பிடிக்காத நிறத்தை யாராவது டீஃபால்ட்டா வெப்பாங்களா? மாத்திடுங்க வெண்டெல், ஒரு வரிதானே."

ஒரு வரிதான். ஆனால் அவள் அங்கே விட்டுப்போனதும் அதுதான். மனசில்லாமல் மாற்றினார்.

வரைபடம் வந்தது. ஏரி முழுக்க ஒரே சேற்று நிறம். எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது, ஒன்றும் தெரியவில்லை.

"இப்ப எப்படி இருக்கு?"

'நல்லாருக்கு' என்பது நாக்கு நுனி வரை வந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து அப்படிச் சொல்லித்தான் சமாளித்து வந்திருக்கிறார். அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெல்சி, எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். பொறந்ததுலேருந்தே அப்படித்தான்."

கெல்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இங்காகிட்ட சொல்லியிருந்தீங்களா?"

"யார்கிட்டயும் சொன்னதில்ல. ஒரு தடவை நான் வரைபடத்தைத் தப்பாப் படிச்சப்பவே அவ கண்டுபிடிச்சிருக்கா. சொல்லாதவனுக்குன்னுதான் அதை வெச்சிட்டுப் போயிருக்கா."

பழைய நிறத்தையே திரும்ப எழுதினார். ஏரி பளிச்சென்று தெரிந்தது. கெல்சி எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெண்டெல் போனை எடுத்து அலாஸ்கா நம்பரை அழுத்தினார். நாலைந்து மணி அடித்தபின் அந்தக் குரல் கேட்டது.

"இங்கா, நான் வெண்டெல். அன்னிக்கு நான் சொல்ல வந்தது ரோடைப் பத்தி இல்ல."