எண்பதாவது உடன்பாடு

"எழுபத்தொன்பது," என்றார் புள்ளியியல் அம்மையார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

எண்பது வேண்டும்.

நூறு புற்றுக்கட்டித் திசுக்களை இரு மருத்துவமனைகளின் நோயியல் மருத்துவர்கள் தனித்தனியே நுண்ணோக்கியில் நோக்கி மதிப்பெண் இட்டிருந்தனர். எண்பதிலாவது இருவர் கண்ணும் ஒன்றுபட்டால் புதிய மருந்தின் சோதனை தொடங்கும். இல்லையேல் ஐந்தாண்டுக் கூட்டாய்வு இன்றோடு கலையும். சோதனையில் சேரப் பெயர் கொடுத்துக் காத்திருக்கும் நாற்பது நோயாளிகளுக்குக் கைவிரிக்க வேண்டியதுதான்.

மேசையின் இப்பக்கம் முதல் மருத்துவமனையின் மருத்துவர் அமர்ந்திருந்தாள். அப்பக்கம் இரண்டாம் மருத்துவமனையின் மருத்துவர், அவள் கணவர்.

இருவரும் பேசிப் பத்து நாள் ஆகிறது.

அவர்கள் தேடியது ஓர் ஆன்டிஜென். முற்காலப் போர்க்களத்தில் சூடிய பூவைக் கண்டு படையை அறிந்ததுபோல, புற்றுச்செல் தன் மேனியில் ஏந்திய அப்புரதத்தைக் கண்டே உடலின் காவற்செல்கள் பகையை அறியும். அது உள்ள இடம் சாயத்தில் பழுப்பேறும். பழுப்பே இல்லையெனில் பூச்சியம். செல்லைச் சுற்றி அடர்ந்த வளையமாய் நின்றால் மூன்று.

நோயாளியின் பெயர் தெரியாது. திசு ஒட்டிய கண்ணாடித் தகட்டில் எண் மட்டுமே இருக்கும். ஒரு திசு மட்டும் இரு வேறு எண்களில் இருமுறை வரும், பார்ப்பவர் கண் தன்னோடு தான் ஒத்துப்போகிறதா என்று சோதிக்க. அதற்கு மட்டும் இரு மதிப்பெண்களின் சராசரி கணக்கில் சேரும். அது எதுவென்று அம்மையார் ஒருவரே அறிவார்.

இவற்றைப் பற்றி வீட்டில் ஒரு சொல்லும் பேசலாகாது என்பது தலையாய விதி.

இரண்டாம் நாள் மாலையே அவ்விதி பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தது. பதினேழாம் எண்ணுக்கு என்ன போட்டாய் என்று கணவர் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அவளும் மூன்று என்றாள்.

அவர் ஒன்று போட்டிருந்தார். அது திசுவின் கிழிந்த ஓரத்தில் தேங்கிய சாயம் என்பது அவர் கட்சி.

"மொதல்ல கண்ணாடிய மாத்தும்மா."

"கண்ணாடிய மாத்திடலாம். கட்டிக்கிட்டவரத்தான் மாத்த முடியல."

பழஞ்செய்யுளில் ஊடல் தீர்க்கத் தோழி தூது போவாள். இவ்வீட்டில் அப்பணி குளிர்பதனப் பெட்டியின் கதவுக்கு வாய்த்தது. 'பால் தீர்ந்தது' என்று அவள் ஒரு சீட்டு ஒட்டினாள். மாலையில் அதன் கீழே அவர் கையெழுத்து: 'நானும் தனியே பார்த்தேன். உடன்படுகிறேன்.'

பால் மட்டும் வந்தபாடில்லை.

அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மிஞ்சியிருப்பது இருமுறை வந்த அந்த ஒரே திசுதான் என்றார். எண்கள் பதினேழும் எண்பத்திரண்டும்.

அவள் தலை நிமிரவில்லை. அவளுக்கு அது முன்பே தெரியும்.

எண்பத்திரண்டாம் தகட்டை வைத்ததும், பதினேழில் கண்ட, காது மடல் போன்ற அதே மடிப்பு அவளை நோக்கிற்று. நாள்தோறும் நினைந்து நினைந்து வெந்த முகம், மறக்குமா? அடையாளம் தெரிந்தபின் மதிப்பெண் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து போயிருக்க வேண்டும். அவளோ ஒரு மணிநேரம் அதையே பார்த்தாள். ஓரம் கிழிந்துதான் இருந்தது. அவர் சொன்னதிலும் நியாயம் உண்டோ என்று முதன்முறையாகத் தோன்றிற்று. ஒன்று என்று எழுதிவிட்டு வந்தாள்.

அம்மையார் அவள் தாளைப் படித்தார். "மேடம், முதல் தடவ மூணு. ரெண்டாந்தடவ ஒண்ணு. சராசரி ரெண்டு."

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. சராசரி! அவளுடையது இரண்டு. அவருடையது ஒன்றும் ஒன்றுமாகத்தான் இருக்கும், சராசரியும் ஒன்றே. விட்டுக்கொடுத்தும் பாதி வழிதான் வந்திருக்கிறாள். மனிதர் பிடித்த பிடியை விடுபவரா? மணமான இந்த இருபத்திரண்டு ஆண்டில் கதவுத் தாழ்ப்பாள் எப்பக்கம் திரும்பும் என்பதிற்கூட விட்டுத் தந்ததில்லை. நாற்பது நோயாளிகளும் அவள் கண்முன் வரிசையாக எழுந்து வெளியேறினர்.

அம்மையார் அடுத்த தாளைப் புரட்டினார்.

கணவர் கூரையின் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"சார், முதல் தடவ ஒண்ணு. ரெண்டாந்தடவ..." அம்மையார் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "மூணு."

சராசரி இரண்டு.

எண்பது.

இரு மருத்துவமனைகளின் தலைவர்களும் எழுந்து கைகுலுக்கிக்கொண்டனர். அம்மையார் மட்டும் அந்த நான்கு எண்களையும் வியந்து பார்த்திருந்தார். முப்பது ஆண்டுப் பணியில் இத்தகைய தூய சான்றைக் கண்டதில்லை என்றார்.

"ரெண்டு பேரும் வீட்ல இதப்பத்தி ஒரு வார்த்தகூடப் பேசிக்கலங்கிறதுக்கு இதவிட என்ன அத்தாட்சி வேணும்?"

இருவரும் ஒரே நேரத்தில் மேசையைப் பார்த்தனர்.

ஆரவாரத்தினிடையே ஒரு துண்டுச்சீட்டு மேசையைக் கடந்து வந்தது. அவர் கையெழுத்து: 'நீ சொன்னதே சரி. அது மூன்றுதான்.'

அவள் நெஞ்சு நெகிழ்ந்தது. பேனாவை எடுத்துக் கீழே எழுதினாள்: 'இல்லை. நீங்கள் சொன்னதே சரி. ஒன்றுதான்.'

சீட்டு போயிற்று, திரும்பி வந்தது. 'மூன்று' என்பதன் அடியில் இரண்டு கோடுகள்.

அவள் 'ஒன்று' என்பதன் அடியில் மூன்று கோடுகள் இழுத்தாள். மூன்றாவதில் தாள் கிழிந்தது.