நகம் காயும்வரை

சிராங்கூன் ரோட்டுக் கடைக்குப் புது நகச்சாயம் வந்தால் முதல் ஆளாகப் பிரிஜட் வந்து நிற்பாள். வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறையக் குப்பிகள் இருந்தும் ஆசை அடங்கவில்லை.

போன மாதம் வேலைக்குச் சேர்ந்த ஆம்ப்ரோஸ் அவள் விரலைப் பிடித்து ஊதா நிறத்தை மெதுவாகப் பூசினான். சீக்கிரம் காய்ந்துவிடக் கூடாதே என்று அவளுக்கு ஏக்கம்.

"அடுத்த விரலுக்கு அந்தச் செம்பு கலர் போட்டுப் பாருங்க."

மேடைதோறும் பண்பாடு முழங்கும் முதலாளி பரமசிவத்துக்குப் பொறுக்கவில்லை. "கழுத்துல தாலி இருக்கு. உன் புருஷன் பார்த்தா என்ன நினைப்பாரும்மா?"

"பார்த்துக்கிட்டுத்தாண்ணே இருக்காரு. குவீன்ஸ்டவுன்ல ரெண்டு ரூம் வீடு, மாமனார் மாமியாரோட ஒன்பது பேர். இங்க வந்தாத்தான் இவரால என் கையைப் பிடிக்க முடியுது லா."

ஆம்ப்ரோஸ் தலைநிமிராமல் செம்புக் குப்பியைத் திறந்தான்.