அருண்பாண்டி வேண்டாமென்ற வண்டி

டர்போ என்பது காரை வேகமாக ஓட வைக்கும் கருவி என்று மக்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வருத்தத்தோடு மறுக்க வேண்டியிருக்கிறது. வெளியே போகிற புகையை மடக்கி, அதைக்கொண்டு ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றை அடைப்பதோடு அதன் கடமை முடிந்தது. வேகம், ஓட்டுகிறவரின் வலது காலில் இருக்கிறது.

மதுரை கே.கே. நகர் பத்ரிநாத்துக்கு இதெல்லாம் தெரியும். ஒரு வருடமாகக் கார் வீடியோ பார்த்தவர். அவருக்குப் புரியாமல் போனது ஒன்றுதான். காலையில் ‘வாங்குங்க, வாங்குங்க’ என்று கெஞ்சியவன், மதியம் ‘வாங்காதீங்க’ என்று ஏன் சொல்கிறான்?

காலையில் ஷோரூம் விற்பனையாளன் அருண்பாண்டி தேனாகத்தான் பேசினான்.

“பாக்கத்தான் சார் குட்டி எஸ்யுவி. மிதிச்சா பிச்சுக்கிட்டுப் போகும். டர்போல்ல!”

“இந்தக் கலர் மட்டும் ஏன் உடனே கிடைக்குது? யாரும் வேணாம்னு விட்டதா?”

“ஐயோ சார், நேத்துதான் வந்து இறங்குச்சு. இந்த மாசம் இன்னும் ஒரு வண்டி நான் குடுக்கலேன்னா என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாங்க. மனசு வைங்க.”

வேலையைச் சொல்லி உருகுகிறவனை நம்பக் கூடாது என்று பத்ரிநாத் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். பத்ரிநாத் ஓட்ட, பக்கத்தில் அருண்பாண்டி. பின்னால் மனைவி இந்துப்ரியாவும் அம்மா லலிதாம்பாளும். வண்டி உயரம், அம்மா குள்ளம். மருமகள்தான் பின்னாலிருந்து தாங்கி ஏற்றிவிட்டாள்.

“எப்படிம்மா இருக்கு?”

“பல்லக்கு மாதிரி இருக்குடா.”

சமயநல்லூரில் டீக்கடையைப் பார்த்து நிறுத்தினார். அவர் மட்டும் இறங்கினார். மாமியாரும் மருமகளும் வண்டியிலேயே உட்கார்ந்து வீட்டு மொழியில், அதாவது சௌராஷ்டிரத்தில், பேசிக்கொண்டிருந்தார்கள். அருண்பாண்டி முன் சீட்டில் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

ஷோரூமுக்குத் திரும்பியதும் அவன் பேச்சு மாறியது.

“சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. இந்த வண்டி உங்களுக்கு வேணாம்.”

“என்ன தம்பி சொல்றீங்க?”

“டவுனுக்குள்ள ஓட்ட டர்போ எதுக்கு சார்? கீழவாசல் நெரிசல்ல மாட்டுனா மைலேஜ் இறங்கிரும். தாழ்வா இருக்குற காரா ஒண்ணு பாருங்க.”

“இங்க இருக்கா?”

“இங்க இல்ல சார். எதுத்தாப்ல இருக்குல்ல, அந்த ஷோரூம்ல இருக்கு.”

பத்ரிநாத்தின் புருவம் ஏறியது. வேலை போகப்போகிறது என்கிறான், வந்த ஆளை எதிர்க்கடைக்கு அனுப்புகிறான். எங்கேயோ இடிக்கிறதே!

“தம்பிக்குச் சொந்த ஊரு?”

“எழுமலைப் பக்கம் சார்.”

பத்ரிநாத் மனைவி பக்கம் திரும்பி மொழியை மாற்றினார். நாலு பேர் எதிரில் ரகசியம் பேச சௌராஷ்டிரத்தைப் போலப் பத்திரமான மொழி மதுரையில் கிடையாது என்பது அந்தக் குடும்பத்தின் தீர்மானம். நடுநடுவே வந்து விழுந்த ‘கமிஷன்’, ‘ஃப்ராடு’, ‘ரெடி பார்ட்டி’ ஆகியவை மட்டும் ஷோரூம் முழுக்கப் புரிந்தன. மிச்சத்தின் சாரம் இது: எதிர்க்கடையில் இவனுக்குக் கமிஷன் இருக்கிறது, இல்லையென்றால் இந்த வண்டியை வேறு யாருக்கோ பேசிவிட்டான். அந்தப் பக்கத்து ஆளுங்க புத்தி வேறு எப்படி இருக்கும்?

இந்துப்ரியா மாமியாரைப் பார்த்தாள். மாமியார் தரையைப் பார்த்தார்.

“தம்பி, நான் ஏமாளி இல்ல. நீங்க வேணாம்னு சொன்னதுக்காகவே இதைத்தான் எடுக்கப்போறேன். எங்க கையெழுத்துப் போடணும்?”

“அவசரப்படாதீங்க சார். வீட்ல ஒரு தடவ கலந்து பேசிட்டு...”

“என் வீட்ல என்ன பேசணும்னு நீங்க யாரு சொல்றதுக்கு? அம்மாவே பல்லக்குன்னுட்டாங்க. எதிர்க்கடைக்காரன் உங்களுக்கு எம்புட்டுத் தாரேன்னான்? அதச் சொல்லுங்க முதல்ல!”

அருண்பாண்டி எடுத்த பேனாவைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தான். பிறகு லலிதாம்பாளின் நாற்காலியருகே போய்க் குனிந்து, பிசிறில்லாத சௌராஷ்டிரத்தில் கேட்டான்.

“அம்மா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

பத்ரிநாத் பேனாவுக்காக நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

“உங்களுக்கு... எங்க பாஷை...”

“எங்கப்பா உங்க ஆளுகளோட சாயப்பட்டறையில வேலை பாத்தாரு சார். நான் வளந்ததெல்லாம் முனிச்சாலை, உங்க தெருவுலதான்.”

லலிதாம்பாள் நிமிர்ந்தார்.

“டீக்கடையில ஏன்டா நான் இறங்கல? இறங்கினா திரும்ப ஏற முட்டி விடாது. ‘அவன் ரொம்ப ஆசைப்படறான், சொல்லிடாதே. நான் இனிமே எங்கயும் வரலேன்னு வீட்டோட இருந்துக்கறேன்’னு இவகிட்ட சொல்லிட்டிருந்தேன். அந்தப் பிள்ளை காதுல விழுந்திருக்கு.”

அருண்பாண்டி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.

“எதுத்த ஷோரூம் எட்டு மணி வரைக்கும் தொறந்திருக்கும் சார்.”

கே.கே. நகர் வந்து சேரும் வரை, ஆட்டோவில் மூவரும் எந்த மொழியிலும் பேசவில்லை.