பதிவுக்கு வந்த திரித் துப்பாக்கி

"எங்க வீட்டுக் கொட்டடியைச் சுத்தம் பண்ணினேன், கிடைச்சுது. ரயில்ல எடுத்துட்டு வந்தேன்" என்று சொல்லி, துணியில் சுற்றிய பழங்காலத் திரித் துப்பாக்கியைப் பழைய ஆயுதங்களைப் பதியும் அலுவலகத்தின் மேஜைமேல் வைத்தான் தொகாஷி. பதிவுச் சீட்டு மட்டும் கைக்கு வந்துவிட்டால், நாளைக்கே கியோட்டோவில் விற்றுவிடலாம்.

கான்ஸ்டபிள் கஜியோ, பரிசோதகர் நுமாஜிரியின் காதில் கிசுகிசுத்தார். "ஐயா, இவன் இருக்கிறது மூணாவது மாடி வாடகை ரூம். அதுல கொட்டடி எங்கேர்ந்து முளைச்சுது? சீட்டு குடுத்தா திருட்டுச் சொத்து சொந்தச் சொத்தாயிடும். ஏதாவது சொல்லி நிறுத்துங்க, மீதியை நான் பாத்துக்கறேன்."

நுமாஜிரி துணியைப் பிரித்தார். முகம் வெளுத்தது. ஐயாவின் அனுபவம் திருட்டை மோப்பம் பிடித்துவிட்டது என்று கஜியோ மகிழ்ந்துபோனார்.

"எல்லாரும் தள்ளுங்க. குழல் வாய்க்கு நேரா யாரும் நிக்காதீங்க" என்றார் நுமாஜிரி.

குழலை மணல் மூட்டைப் பக்கம் திருப்பி, மூங்கில் குச்சி ஒன்றை உள்ளே விட்டார் நுமாஜிரி. வாயருகே குச்சியில் கோடு போட்டு, வெளியே எடுத்துக் குழலின்மேல் வைத்து அளந்தார். திரியின் நெருப்பு உள்ளே போகும் துளையை எட்ட மூன்று விரற்கடை குறைந்தது; உள்ளே ஏதோ அடைத்திருந்தது.

"குண்டும் மருந்தும் கெட்டிச்சு அப்படியே இருக்கு."

தொகாஷி திருடனுக்குத் தேள் கொட்டியது போல விழித்தான். நுமாஜிரி தண்ணீர் ஊற்றி மருந்தை ஊறவைத்து, திருகுக் கம்பியால் ஈயக் குண்டை இழுத்துப் போட்டார்.

"அசல் பழசு. பதியலாம்" என்று அவசரமாக முத்திரையை எடுத்தார்.

கஜியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயாவை விட்டுவிட்டுத் தொகாஷியிடம் திரும்பினார். "குண்டு போட்ட துப்பாக்கியோட ரயில்ல வந்திருக்கே. யாரைச் சுடறதுக்கு? கொலை முயற்சின்னு எழுதட்டுமா?"

வழி நெடுக அந்தக் குழல்வாயில் மோவாயை ஊன்றித் தூங்கிக்கொண்டு வந்தவன் தொகாஷி. அழுதேவிட்டான்.

"கொலையெல்லாம் இல்லை சார்! வெறும் திருட்டுதான்! கெட்டிச்சது நான் இல்லை, அந்த வீட்டுக்காரங்க!"

"அப்போ அந்த வீட்டுக்காரன் ஏன் புகார் குடுக்கலை?"

"எப்படிக் குடுப்பான்? பதியாமத்தானே ஒளிச்சு வச்சிருந்தான்! குடுத்தா அவனும் உள்ளே போகணுமே."

"சரி, அவன் பேரைச் சொல்லு. அவனையும் தூக்கறேன்."

"ஆளைத் தெரியாது சார். வாசல் பலகையிலதான் படிச்சேன். நுமாஜிரின்னு போட்டிருந்துச்சு."

கஜியோவிடம் இருந்தது ஒரே ஒரு கைவிலங்கு. அதை முதலில் யாருக்குப் போடுவது என்று அவர் நெடுநேரம் யோசிக்க வேண்டியதாயிற்று.