முப்பத்தோராவது தொட்டி

"போன வாரம் வாங்கிட்டுப் போன காட்டுச் சாமந்தி கருகிப்போச்சுங்க," என்றாள் அவள்.

"குளிருக்கு மேலதான் கருகும். அடியில வேர் உசிரோட இருக்கும், பிடுங்கிப் போட்டுராதீங்க," என்றார் நாற்று விற்பவர். "வர்ற வருஷம் தானா துளிர்க்கும்."

"அதுவரைக்கும் எப்படிங்க பொறுத்திருக்கிறது?"

அவர் இன்னொரு நாற்றை நீட்டினார். வீட்டில் ஏற்கெனவே முப்பது தொட்டி, கால் வைக்க இடமில்லை. இருந்தும் வாங்கிக்கொண்டாள்.

வாசலில் நின்ற காவலர் வேறு பக்கம் திரும்பினார்.

"சாப்பிட்டியா? பாப்பா ஸ்கூலுக்கு ஒழுங்காப் போறாளா?" கைதிச் சட்டையில் மண் படிந்த கையைத் துடைத்தபடி அவசரமாகக் கேட்டார் நாற்று விற்பவர்.

"போறா. எந்தச் செடி பூத்தா அப்பா வருவாருன்னு தினம் கேக்குறா."

மனைவியாக வந்தால் அந்தச் சிறையில் மாதத்துக்கு ஒரு தடவைதான் பார்க்க விடுவார்கள். அதன் நாற்றுக்கடையில் செடி வாங்க வாராவாரம் வரலாம்.