முதல் பெஞ்சு

சேலையூர் தேவாலயத்தில் ஞாயிறு பிரசங்கம் நடந்துகொண்டிருக்கிறது. சன்னல் கண்ணாடி வழியே நீலமும் சிவப்பும் தரையில் விழுந்து கிடக்கின்றன. ஏழு வயது ஜீவிதாவின் கால்கள் முன் பெஞ்சை டக் டக்கென்று உதைத்தபடியே இருக்கின்றன. கை அம்மாவின் முந்தானை நூலை உருவுகிறது. முன்னாலிருக்கும் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. போன மாதம் வரை ஹில்டா மகளின் தொடையில் நறுக்கென்று கிள்ளியிருப்பாள்; வீட்டுக்குப் போய் அந்தக் கன்றலில் எண்ணெய் தடவி அழுதிருப்பாள். ஓரிடத்தில் அடங்காத இந்தத் துறுதுறுப்புக்கு டாக்டர் ஏ.டி.ஹெச்.டி. என்று பெயர் சொல்லி, "வேணும்னு பண்ணலம்மா, அவளால முடியல" என்ற நாளோடு கிள்ளுவது நின்றது. சபை மூப்பர் சத்தியநாதன் குனிந்து வந்து முணுமுணுக்கிறார்.

"வெளிய கூட்டிட்டுப் போம்மா. ரெண்டு போடு போட்டா அடங்கிடும்."

"அடிச்சா பயப்படுவா அங்கிள், அடங்க மாட்டா. அவ மூளை அப்படி. ட்ரீட்மென்ட் பாத்துட்டிருக்கோம்."

"மத்தவங்களுக்கு டிஸ்டர்பன்ஸ் இல்லியா?"

"இருக்கும். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

ஹில்டா எழுகிறாள். மகளின் கையைப் பிடித்ததும் மூப்பர் நிம்மதியாகக் கதவுப் பக்கம் வழிவிடுகிறார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நடுப்பாதையில், அத்தனை பேரும் பார்க்க, பிரசங்க மேடையை நோக்கி நடக்கிறாள். ஜீவிதா குதித்துக் குதித்து வருகிறாள். யாரும் உட்காராத முதல் பெஞ்சின் நட்டநடுவில் இருவரும் உட்காருகிறார்கள். கால்கள் மறுபடி ஆடத் தொடங்குகின்றன.

"முன்னால பெஞ்சே இல்ல. நல்லா ஆட்டு" என்கிறாள் ஹில்டா, குரலைத் தாழ்த்தாமல்.